கன்னியாவில் ஒரு கை வெந்நீர்

வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி இலங்கையைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை. "இடுப்புக்கு நல்லதுங்க. நல்லா ஊறிட்டு வாங்க" என்றாள். எங்கள் கம்பெனி முதலாளி அதைவிடச் சுருக்கமாக, "ஆர்டரோட வாங்க" என்றார். இந்த இரண்டு உத்தரவுகளோடு, நானே பூட்டி எண்ணெய் விட்டுப் பார்த்த ஒரு பம்பையும் மரப்பெட்டியில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினேன்.

எழுபதுகளின் கடைசி. இலங்கையில் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சமயம். எங்கள் பக்கத்துப் பம்பு கம்பெனிகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. திருகோணமலையில் ஒருவர் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எதிரே வெளிநாட்டுக்காரர்களுக்காகக் குளியல் விடுதி கட்டப் போவதாகவும், கிணற்று நீரைக் குழாயில் ஏற்றப் பம்பு வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். இளவட்டங்கள் யாரும் கப்பலில் பம்பைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இல்லை.

கப்பலுக்குப் பிறகு மாறி மாறி ஏறியதில் கடைசிப் பஸ்ஸில் பம்புப் பெட்டி என் காலடியில் இருந்ததால் முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டபடி வந்தேன். வழி நெடுகக் காய்ந்த காடு. முன் சீட்டில் ஒரு சிங்கள அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தன் கணவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "இந்த மனுசனுக்கு இறங்கேக்குள்ள ஆரும் கை குடுக்க வேணும், தனிய எழும்ப மாட்டார் எண்டு சொல்றா" என்று மொழிபெயர்த்தார். அந்த அம்மாளின் கணவர்தான் கடைசியில் கை கொடுத்து என்னை எழுப்பிவிட்டார்.

திருகோணமலையில் இறங்கியபோது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற வறண்ட காற்று. மண்ணைக் கண்ணில் அள்ளிப் போடும். உலகத்தில் இப்படி ஒரு துறைமுகம் இல்லை என்று படித்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

எங்களுக்கு எழுதியிருந்த விடுதிக்காரர் செல்லத்துரை எனக்கு ஓர் அறை ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, எதைச் சொன்னாலும் சிரிப்பு. கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவரே முன்னால் உட்கார்ந்து இடியப்பமும் சொதியும் சம்பலும் பரிமாறச் சொன்னார். நாலைந்து வருஷத்துக்கு முன் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையைச் சொன்னார். சம்பல் அபாரம். மூன்று தடவை கேட்டு வாங்கினேன். எழுந்து கை கழுவும்போதுதான் அதில் இடித்துப் போட்டிருப்பது மாசிக் கருவாடு என்று சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து சைவம். அதன் பிறகு அந்த ஊரில் எதைத் தட்டில் வைத்தாலும் விசாரணை நடத்திவிட்டுத்தான் தொட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன். பம்பு இருந்தது. அதை ஓட்டுகிற எஞ்சினைத் தனிப் பெட்டியாகச் சரக்கில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்; அது வரவே இல்லை. எங்கள் ஆட்கள் அதைக் கோவையிலேயே ஏற்றாமல் விட்டிருந்தார்கள். கன்னியாவில் கரண்டு கிடையாது. செல்லத்துரை அதற்கும் சிரித்தார். "அக்கரையில, கிண்ணியாவில நெல்லுச் செய்யிற ஆக்களிட்ட மண்ணெண்ணெய் எஞ்சின் இருக்கு. கேட்டு வாங்கலாம். முதல்ல கிணத்தைப் பாப்பம், வாங்கோ."

கன்னியா ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி இருக்கிறது. ஆழமான கிணறுகளை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு மதிலுக்குள் சின்னச் சின்னதாக ஏழு சதுரத் தொட்டிகள். குனிந்தால் அடி தெரியும். ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் கையை வைத்தால் சுகம். இன்னொன்றில் வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இராவணன் இறந்துபோன தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக உண்டாக்கியவை என்கிறார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்துச் சனங்கள் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இங்கே வந்து, ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டுப் போகிறார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டப் போனேன். இடுப்பு கெஞ்சியது. "இப்ப ஒருத்தரும் தண்ணியத் தொடக் கூடாது" என்று ஒரு குரல்.

ஐம்பது வயதுப் பெண்மணி. கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி. கம்பளிக் காலுறை ஒன்றுக்குள்ளிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். வெப்பமானி உடையாமல் இருக்கக் காலுறையைவிட நல்ல உறை இல்லை என்று பிறகு எனக்கு விளக்கினார். பெயர் எமில்டா. துறைமுகத்துப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற விஞ்ஞானி. கிடைக்கிற லீவையெல்லாம் தமையன் வீட்டில் தங்கி இந்தக் கிணற்றடியில் செலவிடுகிறவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மிஸ்தான்.

"இவதான் என்ர எதிரி" என்று செல்லத்துரை சிரித்தபடி அறிமுகப்படுத்தினார். மிஸ் சிரிக்கவில்லை.

"நீங்கள்தானே பம்புக்காரர்? இது ஏழு கிணறு இல்லை. ஏழு வாய், ஒரு வயிறு. எங்கேயோ பெய்த மழை, எத்தினையோ காலம் நிலத்துக்குள்ள போய், சுட்டுக்கொண்டு ஒரு வெடிப்பால மேல வருது. வாறது கொஞ்சம். சனம் வாளியால அள்ளிக் குளிக்கத்தான் காணும். நீங்கள் ஒண்டில குழாயப் போட்டு இழுத்தா ஏழும் போகும்."

"போகாது எண்டு நான் சொல்றன்" என்றார் செல்லத்துரை.

சண்டை முற்றிப்போய் இருவரும் கச்சேரியில், அதாவது அந்த ஊர்க் கலெக்டர் ஆபீஸில், முறையிட்டிருந்தார்கள். அங்கே ஒரு முடிவு சொன்னார்கள். அதைக் கேட்டு வாங்கியதே மிஸ்தான். ஒரு கிணற்றில் பகல் முழுக்கப் பம்பு ஓட வேண்டும். மறுநாள் காலை கச்சேரி அதிகாரி வந்து பார்ப்பார். ஏழு கிணறுகளிலும் சாக்பீஸால் போட்ட கோட்டுக்குத் தண்ணீர் திரும்ப வந்திருந்தால் விடுதிக்கு அனுமதி. வராவிட்டால் இல்லை. மிஸ் தன் வாழ்நாள் வேலையை என்னுடைய பம்பை நம்பி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உங்கட ஊர்க் கிணறுகள் எவ்வளவு ஆழம்?" என்று மிஸ் கேட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எட்டிப் பார்த்தாத் தண்ணி தெரியுமுங்க. இப்பக் கல்லைப் போட்டா, சத்தம் கேக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்கோணும்."

"ஏன் அப்பிடி?"

"பம்பு வந்துதுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் முதல் தடவையாக என்னை மனிதனாகப் பார்த்தார்.

கிணறுகளைக் காவல் பார்க்கிறவர் இராசையா. கூட்டுவார், பாசி வழிப்பார், வருகிறவர்களுக்கு வாளி எடுத்துக் கொடுப்பார். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். மிஸ் குனிந்தால் குடையைப் பிடித்துக்கொள்வார். வெயிலில் அலைந்த எனக்குச் சீனியைக் கையில் கொட்டி ஒரு பிளேன்டீ கொடுத்தார். சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் எஞ்சினுக்காகக் கிண்ணியா போனேன். கன்னியா வேறு, கிண்ணியா வேறு; இது தண்ணீருக்கு அக்கரையில். துறையில் நின்றவரிடம் அக்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் "பாதையில போங்க" என்றார். பாதையைத் தேடி நான் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற மிதவைக்கு அங்கே பாதை என்று பெயராம். பேருக்குத் தகுந்த மாதிரி நகருவதும் தெரியாமல் நகர்ந்தது.

அக்கரையில் ஹனிபா நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற வயல்காரர் எஞ்சினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். சோறு சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். விசாரணை நடத்தினேன். வீட்டில் மீன் கலக்காதது பருப்பு மட்டும்தான் என்று தெரிந்ததும் எனக்காகத் தயிரும் கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தன. அந்த எருமைத் தயிரைக் கவிழ்த்தாலும் சட்டியை விட்டு விழாது. இலங்கையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

"எஞ்சின எங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

கன்னியாவில் என்றதும் கொஞ்சம் யோசித்தார். "நாங்களும் மேல் வலிச்சா அங்கதான் குளிக்கப் போற. என்ட வாப்பாவயும் தூக்கிட்டுப் போய் ஊத்தினதான். வத்த வெச்சிராதீங்க, மறுகா எங்க போறது?"

"ஒரு நாள் சோதனைதானுங்க" என்றேன்.

திரும்பும்போது பாதை நடு நீரில் நின்றுவிட்டது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உச்சி வெயில். ஒருவர் பத்திரிகையைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்கினார். இரண்டு ஆடுகள் என் வேட்டி நுனியைச் சுவைத்தன. எங்கள் ஊரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றால் டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கே பக்கத்திலிருந்த கிழவர் எனக்கு வெற்றிலை நீட்டினார். மாலை வெயிலில் கரை சேர்ந்து, எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றி, அதன் பின்னாலேயே நடந்து அறைக்கு வந்தபோது இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

சோதனை நாள் விடிந்ததும் எஞ்சினைக் கிளப்பினேன். எங்கள் பம்பைப் பற்றி நான் பெருமை பேசிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அது ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. வெந்நீர் குழாய் வழியாகக் காட்டு ஓடைக்குப் பாய்ந்தது. ஆவி பறந்த நீரில் பறவைகள் இறங்கப் பயந்து கரையில் தத்திக்கொண்டிருந்தன. மிஸ் ஒவ்வொரு கிணறாகப் போய்க் கோலை வைத்து அளந்தார். நான் இறைத்தது ஒரு கிணற்றில்தான். மத்தியானத்துக்குள் மற்ற ஆறும் இறங்கத் தொடங்கின. சாயங்காலம் எஞ்சினை நிறுத்தியபோது ஏழிலும் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஏழும் ஒரே மட்டம்.

மிஸ் கிணற்று ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. நான் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டு இல்லாத ஓர் ஆணியை முறுக்கினேன். இராசையா குடையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இது ஒரு இரவில் நிறையாது என்பது எனக்குத் தெரியும். ஆர்டர் போனது. ஆனால் களைப்பில் அதைப் பற்றிக் கவலைப்படக்கூடத் தெம்பில்லை. இருட்டும் முன் செல்லத்துரையின் காரில் எல்லாருமாக ஊருக்குத் திரும்பினோம். காவலுக்கு இராசையா மட்டும் நின்றார்.

காலையில் போய்ப் பார்த்தால் ஏழு கிணறும் கோடு வரைக்கும் ததும்பிக்கொண்டிருந்தன.

கச்சேரி அதிகாரி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். செல்லத்துரை வாய் நிறையச் சிரித்தார். மிஸ் காலுறையிலிருந்து வெப்பமானியை எடுத்து ஏழிலும் வைத்தார்.

"சூடு குறைஞ்சிருக்கு" என்றார்.

"சூட்டைப் பற்றிக் கதை இல்லையே மிஸ். தண்ணி மட்டம் எண்டுதானே நீங்களே கேட்டனீங்கள்" என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான்.

"ஓம். மட்டம் எண்டுதான் கேட்டனான்."

"அப்ப மட்டம் இருக்குத்தானே?"

"இருக்கு" என்றார் மிஸ். தனக்கு எதிரானது என்று தெரிந்தும் அந்தச் சொல்லை விழுங்காமல் சொன்னார். அதிகாரியும் செல்லத்துரையும் கிளம்பிப் போனார்கள். மிஸ் வெப்பமானியைத் துடைத்துக் காலுறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆர்டர் கிடைத்துவிட்டது. இனி இடுப்பையாவது கவனிப்போம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு, இருப்பதிலேயே சூடான கிணற்றில் வாளியை விட்டேன். தலையில் ஊற்றினேன். பச்சைத் தண்ணீரில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்த மாதிரி இருந்தது. சேற்று வாடை வேறு. இரண்டாவது வாளியைத் தூக்கியபோது அதில் ஒரு சின்ன மீன் செத்து மிதந்தது.

சைவக்காரனைத் துரத்தித் துரத்தி மீன் வருகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எவ்வளவோ கிணறுகள் பார்த்திருக்கிறேன். பாறை வெடிப்பில் வருகிற வெந்நீரில் மீன் வராது. ஈரத் துண்டோடு மதிலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். மண்ணில் கனமான டயர்த் தடம், தெருவிலிருந்து வந்து திரும்பிப் போயிருந்தது. பக்கமெல்லாம் ஈரம்.

இராசையாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

"ஓம் ஐயா, நான்தான். றோட்டு வேலை செய்யிற ஆக்களிட்டத் தண்ணிப் பவுசர் இருக்கு. கெஞ்சிக் கேட்டு, குளத்தில தண்ணி எடுத்து ஊத்துவிச்சனான். மிஸ் அழுதவவெல்லோ. இவ்வளவு வருஷமா வாறா, ஒரு நாளும் அவ அழுது நான் காணேல்ல. கிணறு வத்தினதைப் பார்க்க அவவுக்குத் தாங்க ஏலாமப் போச்சு. காலமை வரேக்க நிறைஞ்சிருந்தா மனம் ஆறும் எண்டு நினைச்சன்." வாளிகளை அடுக்கப் போனவர் திரும்பி, "ஆனா மிஸ்ஸுக்கு இண்டைக்கும் சந்தோஷம் இல்லைப் போல" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார இடம் தேடினேன். இந்த மனிதர் பாசத்தில் லாரியில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த அம்மாளின் அத்தனை வருஷ உழைப்பையும் மூழ்கடித்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு கப்பல் ஏறினால் என் முதலாளி மாலை போட்டு வரவேற்பார். ஒரு வருஷத்தில் கன்னியாவில் வெறும் சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதில் எங்கள் கம்பெனிப் பெயர் பொறித்த பம்பும் இருக்கும்.

மிஸ்ஸிடம் மீனைக் காட்டிச் சொன்னேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூரத்தில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த இராசையாவைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாக ஏதோ ஒன்று வந்தது.

"நான் வருத்தத்தில அழேல்ல. நான் சொல்லிக்கொண்டு வந்தது கண்ணுக்கு முன்னால ஒரே மட்டத்தில இறங்கினதைப் பார்த்தனான். அதை அந்த மனுசன் எப்பிடி அறியும்?"

"ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லிரலாமுங்க."

"சொன்னா இராசையாவை வேலையால நிப்பாட்டிப் போடுவினம். அந்தாள் எனக்காகச் செய்தது. அவற்ற பேர் வரக் கூடாது." அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். நான் எதிராளி கொண்டுவந்த ஆள்.

அன்று மத்தியானம் கச்சேரிக்குப் போனேன். பெஞ்சில் நிறைய நேரம் உட்கார வைத்தார்கள். எல்லா ஊரிலும் ஆபீஸ் பெஞ்சு ஒரே மரத்தில்தான் செய்கிறார்கள் போல. அதிகாரியிடம், "எங்க பம்பு நேத்துச் சரியா ஓடலைங்க. பம்புல கோளாறு. சோதனையை மறுபடி வெக்கோணும்" என்றேன். எங்கள் பம்பைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குச் சாதகமாத்தானே வந்திருக்கு?"

"ஆமாங்க. ஆனா கோளாறு கோளாறுதானுங்க."

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, நாளைக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

செல்லத்துரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். "ஐயா, உங்களைக் கூப்பிட்டது நான். என்ன கதை இது?"

அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "வெந்நீர் வத்திப்போச்சுன்னா உங்க விடுதிக்கு வர்றவங்க எதுலைங்க குளிப்பாங்க? பச்சைத் தண்ணியில குளிக்கக் கப்பல் ஏறி வருவாங்களா? வத்தாதுன்னு நீங்க நம்பறீங்கல்ல? அப்ப இன்னொரு நாள் ஓடட்டுமுங்க" என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

அடுத்த நாள் மறுபடி அதே வேலை. முதலில் குளத்துத் தண்ணீர் போக வேண்டும், பிறகு வெந்நீர் போக வேண்டும். பம்பு வெட்கமே இல்லாமல் அருமையாக ஓடியது. சாயங்காலம் ஏழும் கணுக்கால் அளவுக்கு வந்தன. மிஸ் இராசையாவைக் கூப்பிட்டார்.

"இராசையா, விடியுமட்டும் ஒரு சொட்டும் ஊத்தக் கூடாது."

"நாளைக்குக் கிளிவெட்டியில இருந்து ஆக்கள் வருகினம் மிஸ். தாய்க்கு அந்தியேட்டி."

"தெரியும். அப்பவும் ஊத்தக் கூடாது."

"நீங்கள் அழுதாலும்?"

"நான் அழுதாலும்."

காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நான்கு விரல் அளவு ஏறியிருந்தது, அவ்வளவுதான். அதிகாரி கோலை வாங்கித் தானே அளந்தார். செல்லத்துரை வந்திருந்தார்; காரை விட்டு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் கிளிவெட்டி டிராக்டர் வந்தது. பின்னால் மாட்டிய பெட்டியில் பதினைந்து இருபது பேர். வயல்காரக் குடும்பம். கிரியைகளை முடித்துவிட்டு, குளித்துத் தீட்டுக் கழிக்க வந்திருந்தார்கள். எல்லார் தோளிலும் துண்டு, கையில் வாளி. மூத்த மகன் முதலாவது கிணற்றை எட்டிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஏழையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மாக்குத் தண்ணி இல்லையோ?" என்று இராசையாவிடம் கேட்டார்.

இராசையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குளம் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் அழுதுகொண்டுதான் இருந்தார். இராசையா அசையவில்லை. அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை யாரும் கொடுத்திருக்க முடியாது.

"இருக்கு தம்பி. அடியில இருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நாங்கள் இறைச்சுப் போட்டம்" என்றார் மிஸ்.

மகன் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். கிணற்றுக்குள் இறங்கினார். வாளியை அமிழ்த்த முடியாது. பெண்களில் ஒருத்தி தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குனிந்து, கலங்காமல், ஒவ்வொரு சிரட்டையாக வழித்துச் செம்பில் விட்டார். செம்பு நிறைய வெகு நேரம் பிடித்தது. காத்திருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. பிறகு அவர் அதை மேலே நீட்ட, அவருடைய தங்கை வாங்கி, வரிசையாக வந்தவர்களின் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அவர்கள் அதைத் தலையில் தெளித்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போனார்கள். அங்கேயும் அதே சிரட்டை.

அதிகாரி அளவுகோலை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். "எங்கட அப்பாவுக்கும் அந்தியேட்டி இங்கதான் செய்தனாங்கள்" என்றார். பிறகு, "பம்புக்கு இடம் குடுக்க ஏலாது. நான் போய் எழுதிறன்" என்றார். தெருவில் செல்லத்துரையின் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. நியாயம்தான்.

பம்பைக் கழற்ற உட்கார்ந்தேன். குனிய முடியவில்லை. அந்தத் தங்கை செம்போடு என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். அழுது வீங்கிய கண்.

"இறைச்சது நீங்களோ?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவர் செம்பைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"கையை நீட்டுங்கோ" என்றார்.

எண்ணெய்க் கறையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினேன். ஊற்றினார். அடியிலிருந்து வழித்த நீர் என்பதால் நல்ல சூடு. அவருடைய அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. தலையில் விட்டுக்கொண்டேன். கன்னியாவில் எனக்குக் கிடைத்த வெந்நீர் அவ்வளவுதான்.